ஒரு சாக்கு கிராஃபிஷைக் கழுவுவது எப்படி

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வீட்டு விருந்துக்குக் கிராஃபிஷ் வாங்குகிறவர்கள் சாக்குக் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு சாக்கு என்பது ஏறத்தாழ 30 முதல் 35 பவுண்டு, நம் கணக்கில் 14 முதல் 16 கிலோ. வெங்காயம் கட்டி வருமே, அந்த மாதிரி வலைச் சாக்குதான். உள்ளே பல நூறு கிராஃபிஷ் உயிரோடு, ஒன்றின் மேல் ஒன்றாக, கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு கிடக்கும். ஆளுக்கு 3 முதல் 5 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு சாக்குக்கு எட்டு, பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம். ஒரு ஆளுக்கு ஐந்து பவுண்டா என்று மலைக்க வேண்டாம். தலையும் ஓடும் கொடுக்கும் போக வாலில் தேறும் சதை, எடையில் ஆறேழு பங்கில் ஒரு பங்குதான்.

பார்வைக்குச் சிங்கி இறாலின் குட்டி உருவம், முன்னால் இரண்டு பெரிய கொடுக்கு. ஆனால் கடலுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சதுப்பிலும் நெல் வயலிலும் வளர்கிற நன்னீர்ப் பிராணி. கோடையில் தண்ணீர் வற்றினால் சேற்றில் வளை தோண்டி உள்ளே போய்விடும். இப்படிப்பட்டது சேறு இல்லாமல் வீட்டுக்கு வர வழியே இல்லை. அண்டாவில் போடுவதற்கு முன் இதை எப்படிச் சுத்தம் செய்வது என்பதில் அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு சாத்திரம் உண்டு. அவற்றில் பாதி வீண் வேலை என்பது என் கட்சி. அவசியமான மீதிப் பாதியை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்களும் நிறைய.

கழுவுவதில் ஏன் இத்தனை கவனம்? நாம் இறால் வாங்கினால் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகைக் கீறி நரம்பை உருவிவிட்டுத்தான் சட்டியில் போடுகிறோம். அழுக்கில் பெரும்பகுதி அதோடு போய்விடும். கிராஃபிஷோ முழுசாக, உயிரோடு, தலையும் குடலுமாகக் கொதிநீரில் இறங்குகிறது. அதே தண்ணீரில்தான் உருளைக்கிழங்கு, சோளக்கதிர், பூண்டு, வெங்காயம் எல்லாம் வேகின்றன. செவுளில் மாட்டிக்கொண்டிருக்கும் சேறு தண்ணீரில் இறங்கினால் கிழங்கு அதையும் சேர்த்துக் குடித்துவிடும். சாப்பிடும்போது வேறொரு வழக்கம்: வாலை உரித்துத் தின்றபின் தலையை வாயில் வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சுவார்கள். மசாலாச் சாறும் மஞ்சளாக ஒரு விழுதும் அங்கேதான் இருக்கின்றன. அந்த மஞ்சளைக் கொழுப்பு என்றே எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் அது நமக்குக் கல்லீரலும் கணையமும் செய்கிற வேலையை ஒன்றாகச் செய்யும் சுரப்பி. சேறு கலந்த தலையை ஒருமுறை உறிஞ்சியவர் அடுத்த தலையைத் தொட யோசிப்பார்.

அழுக்கு இருக்கும் இடங்கள் மூன்று. ஓட்டின் மேலும் கால்களின் இடுக்கிலும் ஒட்டியிருக்கும் சேறும் பாசியும் ஒன்று. தலைப் பகுதியின் ஓட்டுக்கு அடியில், இருபக்கமும் இறகு போல அடுக்கியிருக்கும் செவுளில் சிக்கிய வண்டல் இரண்டாவது. குடலில் இருக்கும் மிச்சம் மூன்றாவது. முதலாவது குழாய்த் தண்ணீரிலேயே போய்விடும். இரண்டாவது, பொறுமையாக அலசினால் பெரும்பாலும் போகும். மூன்றாவது எந்தக் கழுவலுக்கும் போகாது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காததால்தான் உப்புப் பஞ்சாயத்தெல்லாம் வருகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சாக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அதற்குள் என்ன இருக்கும் என்று ஊகித்துவிடலாம். அட்சாஃபலாயா ஆற்றுச் சதுப்பில் பிடிபடுவது ஒரு வகை. தென்மேற்கு லூசியானாவின் நெல் வட்டாரத்தில் வளர்ப்பது இன்னொரு வகை. இன்றைக்கு வரத்தில் பெரும்பங்கு இதுதான். வளர்ந்துகொண்டிருக்கும் நெல்லுக்கு நடுவே கோடைத் தொடக்கத்தில் கிராஃபிஷை விடுகிறார்கள். அறுவடைக்காகத் தண்ணீரை வடிக்கும்போது அவை வளைக்குள் போய்விடும். நெல் அறுத்த வயலில் அக்டோபர் வாக்கில் மறுபடி தண்ணீர் கட்டினால் குஞ்சுகளோடு வெளியே வரும். நெல் தாளும் அது மக்கி உண்டாகும் சிற்றுயிர்களும் அவற்றுக்குத் தீனி. கம்பி வலைப் பொறிகளில் மீன் துண்டோ செயற்கை இரையோ வைத்துப் பிடிப்பார்கள். பருவம் நவம்பர் கடைசியில் மெல்லத் தொடங்கி ஜூன் வரை ஓடும். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் உச்சம். ஆகவே சாக்கைக் கொட்டும்போது வைக்கோல் துணுக்கு, புல், நத்தை, தண்ணீர் வண்டு, அழுகிய இரை மீனின் செதில் எல்லாம் சேர்ந்தே விழும். அது வியாபாரியின் ஏமாற்று வேலை அல்ல, வயலின் இயல்பு. ப்ரோ பிரிட்ஜ் என்ற சிற்றூரை 1959இல் உலகக் கிராஃபிஷ் தலைநகரம் என்று மாநிலச் சட்டமன்றமே அறிவித்தது. 1983இல் கிராஃபிஷ் மாநிலச் சின்னங்களில் ஒன்றாகவும் ஆனது. அந்தப் பெருமையெல்லாம் சேற்றோடு வந்த பெருமைதான்.

வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். சாக்கைத் தொட்டால் உள்ளே அசைவு தெரிய வேண்டும். குளிர் அறையிலிருந்து அப்போதுதான் எடுத்ததென்றால் மந்தமாக இருக்கும். சில நிமிடம் வெளியே வைத்தால் உசுப்பிக்கொள்ளும். மூக்கைச் சாக்கருகே கொண்டுபோங்கள். குளத்துச் சேற்றின் வாடை சரி. அழுகல் வாடை வந்தால் வேறு சாக்கு கேளுங்கள். கழுவி வைத்ததா, வயலிலிருந்து அப்படியே வந்ததா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. சில கடைக்காரர்கள் கழுவிப் பொறுக்கித் தருகிறார்கள். இன்னும் சிலர் குடலையும் காலியாக்கித் தருகிறார்கள். விலை கூடும்தான். 2023 கோடை வறட்சியில் வளைக்குள்ளேயே ஏராளமாகச் செத்துப்போய், 2024 பருவத் தொடக்கத்தில் கிராஃபிஷ் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அப்படிப்பட்ட ஆண்டில் சாக்கில் சாகும் ஒவ்வொன்றும் காசு.

கடையிலிருந்து வீடு வரும் வழியில்தான் நிறையச் சாகின்றன. இது செவுளால் சுவாசிக்கும் பிராணி. ஆனாலும் செவுள் ஈரமாக இருந்தால் காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுத்துக்கொண்டு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த ஈரத்தைக் காப்பதுதான் சூட்சுமம். திறந்த பிக்கப் வண்டியின் பின்தட்டில் சாக்கைப் போட்டு நெடுஞ்சாலையில் பறந்தால் காற்று செவுளை உலர்த்திவிடும். மூடிய டிக்கியில் வெயிலில் வைத்தால் வெந்தே போகும். ஐஸ் பெட்டியில் சாக்கைப் படுக்கவைத்து, மேலே ஈரக் கோணியோ ஈரத் துண்டோ போர்த்தி, அதன் மேல் ஒரு பை ஐஸ் வைத்துக் கொண்டுவருவதுதான் முறை. நிறுத்தி வைத்தால் மேலிருக்கிற எடை கீழே இருப்பதை நசுக்கும்.

அன்றைக்கே வேகவைக்கவில்லை என்றால் இதே ஏற்பாட்டில் ஓர் இரவு, குளிர் சரியாக இருந்தால் இரண்டு இரவுகூடத் தாங்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஐஸ் பெட்டியின் அடியில் தண்ணீர் வெளியேற ஒரு மூடி இருக்கும், அதைத் திறந்தே வையுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு செங்கல்லைக் கொடுத்துப் பெட்டியைச் சற்றுச் சாய்த்துவிட்டால் உருகும் ஐஸ் அடியில் தங்காது. தங்கினால் என்ன ஆகும்? தண்ணீர்ப் பிராணி தண்ணீரில் மூழ்கிச் சாகும். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் தேங்கிய கொஞ்சம் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை நூறு கிராஃபிஷ் சேர்ந்து சீக்கிரமே தீர்த்துவிடும். அடியில் இருப்பவை மேலே ஏறவும் முடியாது, மூச்சுவிடவும் முடியாது. ‘ராத்திரி முழுக்க நல்லா ஊறட்டும்’ என்று தொட்டியில் தண்ணீர் நிரப்பி மூழ்கடித்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் காலையில் தொட்டி முழுக்கப் பிணத்தைத்தான் பார்ப்பார்கள். கருணையோடு செய்கிற கொலை இது.

விருந்து நாளன்று கழுவத் தொடங்கும் முன் அடுப்பைப் பற்றவையுங்கள். பெரிய அலுமினிய அண்டாவில் பாதிக்குத் தண்ணீர் வைத்தால், புரோபேன் அடுப்பு எவ்வளவு உறுமினாலும், கொதி வர அரை மணிக்குக் குறையாது. கடைசி அலசல் முடிந்ததும் கிராஃபிஷ் நேராக அண்டாவுக்குப் போக வேண்டும். கழுவி முடித்து வெயிலில் காத்திருக்கவைத்தால் கழுவியதன் பயன் குறையும், சாவும் கூடும். தண்ணீர் சூடாகிற நேரமும் கழுவுகிற நேரமும் ஒன்றாக ஓடட்டும்.

முதலில் சாக்கைப் பிரிக்காமலே ஒரு குளியல். புல்தரையிலோ சரளையிலோ சாக்கைக் கிடத்தி, தோட்டக் குழாயால் மேலும் கீழும் திருப்பித் திருப்பி அடியுங்கள். வலைக் கண் வழியாகச் சேறு கரைந்து ஓடும். பீய்ச்சி அடிக்கிற முனையெல்லாம் வேண்டாம். கால் ஒடியும், செவுள் கிழியும். சாதாரண ஓட்டம் போதும். சாக்கின் அடியிலிருந்து வடியும் தண்ணீர் கரும்பழுப்பிலிருந்து வெளிறும்வரை இதைச் செய்துவிட்டால் தொட்டி வேலை பாதியாகக் குறையும். பலர் இந்தப் படியைத் தாண்டி நேரே தொட்டியில் கொட்டுகிறார்கள். அத்தனை சேற்றையும் தொட்டிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு அப்புறம் வெளியேற்றப் பாடுபடுவது எதற்கு?

பிறகு தொட்டி. தகரத் தொட்டி, பெரிய பிளாஸ்டிக் டப்பு, குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் நீச்சல் குளம், எது இருந்தாலும் சரி. சாக்கின் வாய்க் கயிற்றை அறுத்து மெல்லச் சரித்துக் கொட்டுங்கள். மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, மரத் துடுப்பாலோ கையுறை போட்ட கையாலோ அடியிலிருந்து மேலாக இரண்டு நிமிடம் புரட்டுங்கள். தண்ணீர் உடனே தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். கொட்டிவிட்டு மறுபடி பிடியுங்கள். அரிசி களைகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் கழனி கலங்கும், இரண்டாவது தெளியும், மூன்றாவதில் கை தெரியும். பொதுவாக மூன்று, நான்கு தண்ணீர் போதும். களிமண் வயல் சாக்கென்றால் இன்னும் ஒன்றிரண்டு ஆகலாம். கண்ணாடி போலத் தெளியும்வரை விடமாட்டேன் என்று நிற்க வேண்டாம். உயிருள்ள பிராணி கழிவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். அடியில் கிடக்கும் கிராஃபிஷின் முதுகு தெளிவாகத் தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிடலாம். ஒவ்வொரு தண்ணீரிலும் சில நிமிடத்துக்கு மேல் ஊறவிடக் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான்.

வயிற்றுப் பக்கத்திலும் கொடுக்கின் அடியிலும் கறுப்பாக ஒரு படிவு சிலவற்றில் இருக்கும். எத்தனை அலசினாலும் போகாது. முதிர்ந்த கிராஃபிஷ் ஓடு கழற்றுவதை நிறுத்திவிடுவதால் வயல் தண்ணீரின் கறை அதன்மேல் படிந்து நிற்கிறது. அழகுக் குறைதான், சுவைக்குக் கெடுதல் இல்லை. பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

இப்போது உப்பு. சாக்கைத் தொட்டியில் கொட்டியதும் 26 அவுன்ஸ் உப்பு டப்பா ஒன்றை, சில வீடுகளில் இரண்டை, மேலே தூவித் தண்ணீர் பிடிப்பது லூசியானா, டெக்சஸ் கொல்லைகளில் தலைமுறை தலைமுறையாக வரும் சடங்கு. உப்பு பட்டதும் கிராஃபிஷ் துள்ளும், வாலை அடிக்கும், நுரை கிளம்பும், தண்ணீர் சட்டென்று பழுப்பாகும். ‘பார், வயிற்றில் இருப்பதையெல்லாம் கக்குகிறது’ என்பார் அருகில் பீர் பாட்டிலோடு நிற்கும் மாமனார். மாமனாரை மறுத்துப் பேச மருமகனுக்குத் தைரியம் போதாததால் உப்பு வியாபாரம் நடக்கிறது.

கக்குவதெல்லாம் ஒன்றுமில்லை. பழுப்பாவது ஓட்டிலும் செவுளிலும் இருந்த சேறு, துள்ளலில் உதிர்வதால். உப்பில்லாமல் துடுப்பால் புரட்டினாலும் அதே பழுப்பு வரும். குடல் காலியாவது கழுவலால் நடக்கிற காரியமல்ல, நேரத்தால் நடக்கிறது. தீனி இல்லாமல் ஒரு நாள், இரண்டு நாள் சுத்தமான தண்ணீரில் இருந்தால்தான் உள்ளே இருப்பது கழிந்து வெளியே வரும். ஐந்து நிமிட உப்பு நீரில் அது எப்படி நடக்கும்? நன்னீரில் வாழும் உடல், தன் உப்பளவைக் காப்பதற்கே ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதைத் திடீரென்று உப்புக் கரைசலில் தள்ளினால் கிடைப்பது வேதனைதான். கொஞ்சம் நேரம் கூடினால் பலவீனமானவை செத்தும் போகும். உப்பால் குடல் சுத்தமாகாது என்று லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் மையம் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகிறது. கொல்லைப்புறங்கள் கேட்டபாடில்லை. உப்பு டப்பாவை அண்டாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது உதவும்.

குடல் காலியாகத்தான் வேண்டும் என்றால் அதைத் தொழிலாகச் செய்கிறவர்களிடம் வாங்குவதே வழி. அவர்கள் ஆழமில்லாத தொட்டிகளில் காற்றூட்டிய தண்ணீரை ஓடவிட்டோ, தட்டுகளில் பரப்பி மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டோ ஒன்றிரண்டு நாள் பட்டினி போடுகிறார்கள். இடையில் ஒரு பங்கு செத்தும் போகும், எடையும் குறையும், மின்சாரச் செலவும் உண்டு. அதனால்தான் விலை கூடுகிறது. வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. முயன்றால் ஓடாத தண்ணீரில் மூச்சடைக்கவைத்த கதைதான் ஆகும். பணம் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் குறையொன்றும் இல்லை. வாலை உரிக்கும்போது முதுகோடு ஓடும் கறுத்த நரம்பை விரலால் உருவிவிட்டால் முடிந்தது. உள்ளூர்க்காரர்களில் பாதிப்பேர் அதைக்கூடச் செய்வதில்லை.

பச்சையாக இருக்கும்போதே நரம்பை எடுக்க முடியாதா? முடியும். வாலின் நுனியில் ஐந்து மடல் இருக்கும். நடு மடலைப் பிடித்து இடமும் வலமும் ஒரு திருகு திருகி மெல்ல இழுத்தால் குடல் முழு நீளத்துக்கும் உருவிக்கொண்டு வரும். பழைய பிரெஞ்சுச் சமையல்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். இதே லூசியானா இனம் இன்று சீனாவில் பெரும் உணவாகிவிட்டது. அங்கே ஹூபெய், ஜியாங்சு மாகாணங்களில் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, வயிற்றைப் பிரஷ்ஷால் தேய்த்து, குடலை உருவி, பிறகு எண்ணெய்ச் சட்டியில் மிளகாயோடு வதக்குகிறார்கள். தட்டுக்கு இருபது, முப்பது என்று பரிமாறும் ஊருக்கு அது சரி. ஒரு சாக்கை இப்படி உருவ உட்கார்ந்தால் விருந்தாளிகள் பீட்சா வாங்கப் போய்விடுவார்கள். போதாக்குறைக்கு, உருவிய இடத்தின் வழியாக வாலுக்குள் தண்ணீர் புகும். அண்டாவில் வேகவைக்க இந்த வேலை வேண்டாம்.

கடைசி இரண்டு தண்ணீரின்போது பொறுக்குதல். இதை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது. கழுவலைவிட இதுவே முக்கியம் என்பேன். முதுகு ஓட்டைக் கொடுக்குக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தால் கொடுக்கு எட்டாது. புல், தாள், இரைத் துண்டு, உடைந்த ஓடு எல்லாவற்றையும் அரித்தெடுங்கள். செத்ததைக் கண்டுபிடிப்பது எளிது. உயிருள்ளது தூக்கியதும் கொடுக்கை விரித்து உங்களை மிரட்டும், அல்லது வாலை உள்ளுக்கு மடக்கும். செத்தது துணி மாதிரித் தொங்கும். கொடுக்கும் வாலும் தளர்ந்து கிடக்கும். சந்தேகமாக இருப்பதைத் தனியே ஒரு பாத்திரத்தில் வைத்துச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். குளிரில் விறைத்திருந்தால் அதற்குள் கால் அசைந்துவிடும்.

செத்ததைத் தூக்கி எறிய வேண்டிய காரணம் அருவருப்பு மட்டுமல்ல. நான் மேலே சொன்ன மஞ்சள் சுரப்பியில் வலுவான செரிமான நொதிகள் உண்டு. உயிர் போனதும் அவை கட்டுப்பாடின்றிக் கசிந்து பக்கத்துச் சதையைக் கரைக்கத் தொடங்கும். கிருமிகளும் பெருகும். எப்போது செத்தது என்று தெரியாத ஒன்றின் வால் வெந்தபின் மாவு போல உதிரும்.

வெந்தபின் வால் நீட்டியபடி இருந்தால் அது செத்தே அண்டாவுக்குப் போனது, தின்னாதே என்று ஒரு விதி அங்கே ஊரெல்லாம் வழங்குகிறது. வேளாண் மையத்தின் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். வேகவைக்கும் முன் செத்திருந்தவற்றிலும் பல சுருண்ட வாலோடு வெந்தன. உயிரோடு போனவற்றில் சில அண்டா நெரிசலில் மடங்க இடமின்றி நீண்ட வாலோடு வெந்தன. வால் சொல்லும் சாட்சி செல்லாது. உரித்துப் பார்த்துச் சதை கெட்டியாக இருந்தால் சாப்பிடுங்கள், குழைந்தால் ஒதுக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வேகவைக்கும் முன்பே பொறுக்கிவிட்டால் மேசையில் இந்த வழக்கு வராது.

பொறுக்கும்போது ஒன்றிரண்டு தொட்டியை விட்டு ஏறிக் குதித்துப் புல்லுக்குள் ஓடும். குழந்தைகள் துரத்திப் பிடிக்கட்டும், நல்ல விளையாட்டு. ஆனால் பாவம் பார்த்து அதைக் கொண்டுபோய் ஏரியிலோ ஓடையிலோ விடாதீர்கள். லூசியானாவில் அது பிறந்த மண், பாதகமில்லை. ஆனால் உயிரோடு விமானத்தில் பெட்டி வரவழைத்து வேறு மாநிலங்களில் விருந்து வைக்கும் காலம் இது. 1927இல் தவளைப் பண்ணைக்குத் தீனியாக ஜப்பானுக்குக் கொண்டுபோன இந்த இனம் அந்த நாடு முழுக்கப் பரவிவிட்டது. கென்யாவின் நைவாஷா ஏரியில் 1970 வாக்கில் விட்டார்கள். தண்ணீர்ச் செடிகளை மொட்டையடித்தது. ஐரோப்பிய ஒன்றியம் இதை அயல் ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் வைத்திருக்கிறது. கழுவிய சேற்றுத் தண்ணீரையும் புல்தரையில் ஊற்றுங்கள், ஓடையில் வேண்டாம்.

கடைசியாக ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி, துளையிட்ட கூடையில் அள்ளி, ஒரு நிமிடம் வடியவிட்டு, தளதளவென்று கொதிக்கும் மசாலாத் தண்ணீரில் ஒரே வீச்சில் இறக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் கொதி தணிந்து சிலது துடித்துக்கொண்டிருக்கும். சற்றுமுன் ஐஸில் குளிரவைத்து மந்தமாக்கியிருந்தால் அதற்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. மறுபடி கொதி எழுந்ததும் மூன்று முதல் ஐந்து நிமிடம். அடுப்பை அணைத்து, உறைந்த சோளக்கதிரோ ஐஸோ போட்டுச் சூட்டைத் தணித்து, 20, 30 நிமிடம் ஊறவிட வேண்டும். உறைப்பு உள்ளே ஏறுவது அப்போதுதான். வேகும் நேரம் கூடினால் ஓடு சதையோடு ஒட்டிக்கொள்ளும், ஊறும் நேரம் கூடினால் உறைப்புதான் கூடும். சமையல் பக்குவம் தனிக் கட்டுரைக்குரியது, இங்கே இவ்வளவு போதும்.

எத்தனை கழுவினாலும் கழுவல் கிருமியைக் கொல்லாது, கொல்வது கொதிதான். இதை மறந்துவிட்டு வெந்த கிராஃபிஷைச் சூடு தாங்கட்டும் என்று பக்கத்திலிருக்கும் ஐஸ் பெட்டியில் கொட்டிவைக்கிறார்கள். காலையில் உயிருள்ள சாக்கு கிடந்த அதே பெட்டி! 2010 ஜூனில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரில், லூசியானாவிலிருந்து வரவழைத்த கிராஃபிஷை வேகவைத்து இப்படி வைத்திருந்தார்கள். மிச்சத்தை மறுநாள் சாப்பிட்ட இருவர் காலராவின் நெருங்கிய உறவான விப்ரியோ மிமிகஸ் கிருமி தாக்கி, கடும் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். வெந்ததற்குத் தனிப் பெட்டி வையுங்கள். இருப்பது ஒரே பெட்டி என்றால், அண்டா அடுப்பில் இருக்கும்போதே அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, பிளீச் கலந்த தண்ணீரால் அலசி, வெயிலில் கவிழ்த்துக் காயவையுங்கள். சாக்கைக் கொட்டிய தொட்டிக்கும் துடுப்புக்கும் கையுறைக்கும் இதே விதிதான்.